பாலவநத்தம் பொன். பாண்டித்துரைத் தேவர்: கொடையிலிருந்து நல்கைக்கு

ஆய்வுச் சுருக்கம்

மதுரைத் தமிழ்ச்சங்கத்தை 1901ஆம் ஆண்டு நிறுவிய பொன். பாண்டித்துரைத் தேவரின் வாழ்க்கை பெரும்பாலும் வள்ளன்மை என்னும் ஒரே நோக்கிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வாழ்க்கையைத் தமிழ்ப்பணிக்கான பொருளுதவியின் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை நோக்குகிறது. புலவர் ஒருவருக்கு வழங்கப்படும் கொடை, விதிகளுக்கு உட்பட்ட அமைப்பின்வழி வழங்கப்படும் நல்கையாக மாறிய கட்டத்தில் நின்றவர் தேவர் என்பதும், அம்மாற்றத்திற்கான பொருள் அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் நிலத்திலிருந்து வந்தது என்பதும் இதன் முதன்மைக் கருத்துகள். அவ்வமைப்பின் வலிமையும் வரம்பும் இங்கு ஒருசேர மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாண்டித்துரைத் தேவர், பாலவநத்தம், மதுரைத் தமிழ்ச்சங்கம், செந்தமிழ், ஜமீன், நல்கை, மகமை

முன்னுரை

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள ஊர் பாலவநத்தம். சங்க வரலாற்றைப் பயிலும் மாணவர்க்கு இவ்வூர்ப் பெயர் ஓர் அடைமொழியாகவே அறிமுகமாகிறது. பாலவநத்தம் ஜமீன்தார் என்று படித்துவிட்டு, அடுத்த தொடரிலேயே மதுரைக்குச் சென்றுவிடுகிறோம். அந்த அடைமொழிக்குள் கண்மாய்களும், பருத்திக் காடுகளும், வாரம் செலுத்திய குடிகளும் அடங்கியுள்ளனர் என்பதைப் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாண்டித்துரைத் தேவர் பற்றி எழுதியோர் அவரைக் கடையெழு வள்ளல்களின் வரிசையில் வைத்துப் போற்றினர். இது நன்றியுணர்வின் வெளிப்பாடு. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயின் அப்போற்றுதலால் இரண்டு செய்திகள் மறைந்துவிடுகின்றன. முன்னோர் செய்த கொடையிலிருந்து அவர் செய்தது எவ்வகையில் வேறுபட்டது என்பது ஒன்று. அப்பொருள் எங்கிருந்து வந்தது என்பது மற்றொன்று. இன்று தமிழாய்வும் கலைகளும் அரசு நல்கையைச் சார்ந்து நிற்கும் நிலையில் இவ்விரண்டு வினாக்களும் தனி இன்றியமையாமை பெறுகின்றன. எனவே அவருடைய வாழ்க்கையைக் கால முறையில் கூறி, உரிய இடங்களில் இவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நிலமும் வருவாயும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது. கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்தன. கண்மாய்ப் பாசனம் உள்ள நிலங்களில் மட்டும் நெல் விளைந்தது. அதுவும் வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பிய ஆண்டுகளில் மட்டுமே. திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் சுந்தரரால் பாடப்பெற்ற பாண்டிநாட்டுத் தலம். 1879ஆம் ஆண்டு இரமண மகரிஷி பிறந்ததும் இவ்வூரிலேயே. பழம்பெருமைக்கும் பக்திக்கும் குறைவில்லாத இந்நிலத்தில் நீருக்கே என்றும் குறை இருந்தது.

இப்பகுதி சேதுபதிகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1803ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி நிலையான வரித்திட்டத்தின்கீழ் மங்களேசுவரி நாச்சியாருக்குச் சனது வழங்கியதும் சேதுநாடு ஜமீனாயிற்று. அரசுக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் அளவு மாறாதது. குடிகளிடமிருந்து பெறுவதோ விளைச்சலைப் பொறுத்தது. நஞ்சையில் விளைவைப் பங்கிடும் வாரமுறையும், புஞ்சையில் பணமாகப் பெறும் தீர்வைமுறையும் வழங்கின. கண்மாய் மராமத்து ஜமீனின் கடமையாகக் கருதப்பட்டது. மழை பொய்த்தால் குடிகளும் ஜமீனும் ஒருங்கே இடர்ப்படும் பொருளாதாரம் இது. இத்தகைய நிலையற்ற வருவாயிலிருந்தே நிலையான தமிழ்ப்பணி ஒன்றை உருவாக்கும் முயற்சி பின்னர்த் தோன்றியது என்பது கருதத்தக்கது.

2. பிறப்பும் கல்வியும்

பாண்டித்துரைத் தேவர் 1867ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் பிறந்தார். இயற்பெயர் உக்கிரபாண்டியன். தந்தையார் பொன்னுசாமித் தேவர், இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் தமையனார். சமஸ்தான ஆட்சியை முன்னின்று நடத்தியவர். தமிழும் இசையும் அறிந்தவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சென்னையில் பதிப்பித்த திருக்குறள் பரிமேலழகர் உரை போன்ற நூல்கள் அவருடைய ஆதரவில் அச்சேறின. ஆகவே ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் நூல்கள் மாறிய காலத்தில், அச்சுச் செலவை ஏற்பதும் புரவலர் கடமை என்னும் கருத்து தேவரின் தந்தையார் காலத்திலேயே இக்குடும்பத்தில் வேரூன்றியிருந்தது.

குழந்தைப் பருவத்திலேயே தேவர் தந்தையை இழந்தார். பிறர் பாதுகாப்பில் வளர்ந்து தமிழும் ஆங்கிலமும் கற்றார். சமஸ்தானப் புலவரான சதாவதானம் முத்துசாமி ஐயங்கார் அவருடைய தமிழாசிரியர்களுள் ஒருவர். அவ்வாசிரியரின் மகனே பின்னாளில் புகழ்பெற்ற மு. இராகவையங்கார். தந்தையை இளமையில் இழந்த மு. இராகவையங்காருக்குத் தேவர் ஆதரவளித்தார். பாண்டியன் பெயர் தாங்கிய சிறுவன், பாண்டிநாட்டுச் சங்க மரபைக் கூறும் புலவர்களிடையே வளர்ந்தான் என்பது பின்னர் நிகழ்ந்தவற்றிற்கு ஒரு பின்புலம்.

தேவருக்கு ஒன்பது வயதானபோது தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைத் தாக்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தின் கொடுமை வறண்ட நிலங்களில் மிகுதியாகக் காணப்பட்டது. இராமநாதபுரம் சமஸ்தானம் அக்காலத்தில் சிறுவராயிருந்த பாஸ்கர சேதுபதியின் பொருட்டு அரசின் பாதுகாப்பு நிருவாகத்தில் இருந்தது. தேவரும் சேதுபதியும் சிற்றப்பன், பெரியப்பன் மக்கள். ஏறத்தாழ ஒத்த வயதினர். இருவரும் பின்னர் ஈகையாற் பெயர் பெற்றனர். எனினும் இருவர்தம் ஈகையின் போக்கும் வேறாயிற்று.

3. பழைய முறைப் புரவலர்

பருவம் எய்திப் பாலவநத்தம் ஜமீனின் பொறுப்பை ஏற்ற தேவர், தொடக்கத்தில் மரபுவழிப்பட்ட புரவலராகவே விளங்கினார். புலவர்கள் அவரை நாடி வந்தனர், பாடினர், பரிசில் பெற்றனர். இசைவாணர்க்கும் அவர் ஆதரவளித்தார். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவராகி, இராமநாதபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கிய பூச்சி சீனிவாச ஐயங்கார் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். தேவர் தாமும் நூல் தொகுத்தார். பல நூற்பாடல்களைப் பொருள்வகையாற் பகுத்துத் தொகுத்த பன்னூற்றிரட்டும், சைவமஞ்சரியும் அவர் தந்தவை. அவர் கொடையாளராக இருந்ததோடு நூல்களின் பயனறிந்த வாசகராகவும் இருந்தார் என்பதற்கு இத்தொகுப்புகள் சான்று.

இக்கட்டத்தில் அவர் செய்த உதவிகளுள் உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளுக்கு அளித்தது தலையாயது. 1895இல் வெளிவந்த புறப்பொருள் வெண்பாமாலைக்கும் 1898இல் வெளிவந்த மணிமேகலைக்கும் தேவரின் பொருளுதவி கிடைத்தது. சாமிநாதையர் அக்காலத்தில் கும்பகோணம் கல்லூரி ஆசிரியர். அவருடைய ஊதியம் கற்பித்தலுக்குரியது. ஏடு தேடிப் பயணம் செய்தல், படியெடுத்தல், தாள் வாங்குதல், அச்சுக்கூலி ஆகியவற்றுக்கு ஊதியம் போதுவதன்று. முன்பணம் செலுத்திக் கையொப்பமிடுவோரையும், ஜமீன்தார்களையும், மடங்களையும் நாடியே ஒவ்வொரு பதிப்பும் வெளிவந்தது.

அரசு அக்காலத்தில் கல்விக்கு உதவவே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் சென்னை மாகாணத்தில் உதவிநிதி முறை நடைமுறைக்கு வந்தது. தனியார் நடத்திய பள்ளிகள் ஆய்வாளரின் மேற்பார்வையை ஏற்று அரசிடமிருந்து நிதி பெற்றன. ஆயின் அந்நிதி பெரிதும் பள்ளிக்கல்வியை நோக்கியது. சங்க நூலொன்றைப் பல சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் அறிஞர் ஒருவர் விண்ணப்பித்துப் பெறத்தக்க நிதிவழி ஏதும் அம்முறைக்குள் அமைந்திருக்கவில்லை. அவ்விடைவெளியையே ஜமீன்தார்கள் நிரப்பினர்.

இம்முறையின் நலிவையும் இங்குக் கூறல் வேண்டும். புலவரின் வாழ்வு புரவலரின் மனநிலையையும் வருவாயையும் சார்ந்திருந்தது. பாஸ்கர சேதுபதி கோயில்களுக்கும் புலவர்க்கும் அறங்களுக்கும் அளவின்றி வழங்கினார். விவேகானந்தர் 1893இல் சிகாகோ செல்லத் துணைநின்றோருள் அவரும் ஒருவர். கடன் மிகுந்து சமஸ்தானம் இடர்ப்பட்டது. 1903ஆம் ஆண்டின் இறுதியில் முப்பத்தைந்து வயதிலேயே அவர் மறைந்தார். தனியொருவரின் கையையே நம்பிய கொடை, அவர் தளர்ந்ததும் தளரும். தேவர் இதனை அண்மையிலிருந்தே கண்டவர்.

4. மதுரைத் தமிழ்ச்சங்கம்

சங்கத் தோற்றம் குறித்துப் பரவலாக வழங்கும் செய்தி ஒன்று உண்டு. மதுரையில் சொற்பொழிவாற்ற வந்த தேவர், திருக்குறளும் கம்பராமாயணமும் தேவைப்பட்டபோது அந்நகரில் அவற்றை எளிதிற் பெற இயலாமல் வருந்தினார் என்பது அது. வாய்மொழியாக வளர்ந்த செய்தியாயினும் அது சுட்டும் குறை உண்மையானது. நூல்கள் அச்சாகியிருந்தன, அவற்றை மக்கள் பார்க்கத்தக்க பொது இடம் இல்லை. புலவர்க்குப் பொற்கிழி அளித்தலால் இக்குறை தீராது. நூலகம் ஒன்றே தீர்க்கும்.

1901ஆம் ஆண்டு மே மாதம் மதுரையில் சென்னை மாகாண மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த அறிஞர்களிடமும் செல்வர்களிடமும் தேவர் தம் கருத்தை முன்வைத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 14ஆம் நாள் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சங்கம் நிறுவப்பெற்றது. தேவர் அதன் தலைவரானார். பாஸ்கர சேதுபதி துணைநின்றார். உ.வே. சாமிநாதையர், பரிதிமாற்கலைஞர் எனப்படும் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார், இரா. இராகவையங்கார், மு. இராகவையங்கார், அரசஞ்சண்முகனார் முதலிய அறிஞர்கள் வெவ்வேறு வகையில் அதனோடு தொடர்பு கொண்டனர்.

சங்கம் ஐந்து உறுப்புகளாக இயங்கியது எனலாம். மாணவர்க்கு உணவும் உறையுளும் அளித்துத் தமிழ் கற்பித்த செந்தமிழ்க் கலாசாலை. ஏடுகளையும் அச்சு நூல்களையும் தொகுத்து வைத்த பாண்டியன் புத்தகசாலை. நூல்களை அச்சிட்ட முத்திராசாலை. திங்கள்தோறும் வெளிவந்த செந்தமிழ் இதழ். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் மூன்று நிலைத் தேர்வுகள் ஆகியன அவை. தேர்வில் சிறந்தோர்க்குப் பரிசுகள் வழங்கப்பட்டன.

இவ்வமைப்பைப் பழைய கொடைமுறையோடு ஒப்பிட்டால் நான்கு வேறுபாடுகள் புலனாகின்றன.

முதலாவது, பொருள் தனிப் புலவரைச் சேராமல் அமைப்பைச் சேர்ந்தது. புலவர் அவ்வமைப்பின் ஆசிரியராகவோ பதிப்பாசிரியராகவோ பணியாற்றி ஊதியம் பெற்றார். புரவலரைப் பாட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

இரண்டாவது, தகுதியை அறியத் தேர்வு வைக்கப்பட்டது. இன்னார் புலவர் என்று கூறும் உரிமை புரவலரின் செவியிலிருந்து, அறிஞர் குழு திருத்தும் விடைத்தாளுக்கு மாறியது. இத்தேர்வின் மதிப்பு கடல் கடந்தும் பரவியது. பின்னாளில் விபுலாநந்த அடிகளாக அறியப்பட்டவர் ஈழத்திலிருந்து 1916ஆம் ஆண்டு இப்பண்டிதத் தேர்வில் வென்றார்.

மூன்றாவது, பயன் பொதுவாயிற்று. நூலகமும் இதழும் தேவரை நேரிற் காணாதவர்க்கும் பயன்பட்டன. செந்தமிழ் 1902ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது. இரா. இராகவையங்கார் அதன் முதல் ஆசிரியர். அவரைத் தொடர்ந்து மு. இராகவையங்கார் ஆசிரியரானார். பழைய நூல்களை வெளியிடல், கல்வெட்டாலும் இலக்கியத்தாலும் வரலாறு காணல், பாடவேறுபாடு ஆராய்தல், கருத்து மாறுபட்டு எதிர்க்கட்டுரை எழுதுதல் என இன்றைய ஆய்விதழின் இயல்புகள் பலவும் அதில் இடம்பெற்றன.

நான்காவது, பிறர் பொருளும் வரவேற்கப்பட்டது. ஜமீன்தார்களும் வணிகர்களும் கற்றோரும் சங்கத்திற்கு உதவினர். தேவர் முதல்வராக இருந்தாரேயன்றி ஒருவராக இருக்கவில்லை.

இந்நான்கையும் ஒருங்கு நோக்கின், தேவர் கொடைக்கும் நல்கைக்கும் இடைப்பட்ட ஒரு வடிவத்தை உருவாக்கினார் என்னும் முடிவுக்கு வரலாம். பணம் தனியாருடையது, நடைமுறை பொதுவினது.

5. நெடும்பணிகளுக்கு உதவி

அகராதியும் கலைக்களஞ்சியமும் விரைவில் வருவாய் தரும் நூல்கள் அல்ல. பல்லாண்டு உழைப்பும் பெருஞ்செலவும் வேண்டுவன. இவற்றை ஏற்றதே சங்கத்தின் தனிச்சிறப்பு. சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் நெடுங்காலம் உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணியை வெளியிட முன்வருவார் இன்றித் தவித்தார். தேவரின் ஆதரவால் 1910ஆம் ஆண்டு சங்கத்தின் வெளியீடாக அந்நூல் வந்தது. இன்றும் தமிழாய்வாளர் மேசையில் இடம்பெறும் அந்நூல், உரிய நேரத்தில் கிடைத்த உதவியின் பயன். யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த அகராதியையும் சங்கம் 1910 முதல் 1923 வரை மூன்று பாகங்களாக வெளியிட்டது. தொகுத்தவர் 1904இலேயே காலமானார். நிறுவியவர் 1911இல் மறைந்தார். இருவரும் இல்லாத நிலையில் மூன்றாம் பாகம் வெளிவந்தது. தனியாள் கொடையால் இயலாதது அமைப்பால் இயன்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பரிதிமாற்கலைஞர் தமிழை உயர்தனிச் செம்மொழியென நிறுவிய கட்டுரை செந்தமிழ் இதழிலேயே வெளிவந்தது. அவர் 1903இல் மறைந்தார். இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது 2004ஆம் ஆண்டு. அவ்வறிவிப்பைத் தொடர்ந்து சென்னையில் அமைந்த செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இன்று ஆய்வாளர்க்கு உதவித்தொகையும் ஆய்வுத்திட்ட நிதியும் வழங்குகிறது. தனியார் பொருளில் அச்சான ஒரு கருத்து, நூறாண்டுக்குப் பின் பொதுப்பணத்தைத் தமிழாய்வுக்குக் கொணர்ந்தது. புரவலர் செலவிட்ட பொருளின் பயனை உடனடி விளைவால் மட்டும் அளத்தல் பொருந்தாது என்பதை இது உணர்த்துகிறது.

6. தீர்ப்பளிக்கும் உரிமை

தேவரின் வாழ்வில் மிகுதியும் பேசப்படுவது ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் பற்றிய செய்தி. எதுகை மோனை அமையாத குறள்களைத் தாமே திருத்தி அவர் அச்சிட்டார் என்றும், தேவர் அப்படிகளை எல்லாம் விலைக்கு வாங்கி அழித்தார் என்றும் கூறுவர். மூலபாடத்தைக் காத்த செயலென்று இது போற்றப்படுகிறது. மூலபாடத்தின் தூய்மையில் அவர் கொண்ட ஈடுபாடு ஐயமின்றி மதிக்கத்தக்கது.

ஆயினும் நல்கையின் வரலாற்றில் இச்செய்தி வேறொரு வினாவையும் எழுப்புகிறது. நூலொன்றை அச்சிடும் ஆற்றல் பொருளுக்கு உண்டு எனின், நூலொன்றை இல்லாமற் செய்யும் ஆற்றலும் அதற்கு உண்டு. அன்று பொருளுடையவர் பாடமறிந்தவராகவும் இருந்ததால் தமிழுக்குத் தீங்கு நேரவில்லை. பாடமறியாத ஒருவர் கையில் அதே ஆற்றல் இருந்தால் என்னாகும் என்பதற்குத் தனியார் கொடைமுறையில் விடையில்லை. செந்தமிழ் இதழின் நடைமுறையோ இதற்கு விடை தருவது. அங்குப் பிழையான பாடம் அழிக்கப்படாமல் மறுக்கப்பட்டது. மறுப்பும் மறுமொழியும் ஒருங்கே அச்சாகி வாசகர் முன் வைக்கப்பட்டன. தேவர் நிறுவிய அமைப்பு, அவருடைய தனிச்செயலினும் முதிர்ந்தது என்று கூறுவது அவர் பெருமைக்கு இழுக்கன்று.

7. கப்பலும் கரிசலும்

1906ஆம் ஆண்டு அக்டோபரில் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். ஒரு பங்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மொத்த மூலதனம் 10 இலட்சம் ரூபாய். தேவர் அதன் தலைவராகவும் பெரும்பங்கு முதலிட்டவராகவும் இருந்தார். ஆங்கிலக் கப்பல் நிறுவனத்தின் போட்டியாலும், 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டதாலும் அம்முயற்சி நலிந்தது. 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில், தேவர் மறைந்தார்.

தமிழ்ச்சங்கம், கப்பல் நிறுவனம் ஆகிய இரண்டிலும் தேவர் இட்ட பொருள் ஒரே ஊற்றிலிருந்து வந்தது. ஒன்று நிலைத்தது, மற்றொன்று நிலைக்கவில்லை. இரண்டுமே அவ்வூற்றுக்கு வெளியே அமைந்தவை. ஒன்று மதுரையில், மற்றொன்று தூத்துக்குடியில். இவ்வட்டாரத்தில் பிறந்து தமிழ் பயிலும் ஒருவர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டியுள்ளது. கரிசலில் பருத்தியெடுத்த கைகளும் கண்மாய்க்கரையில் நெல்லளந்த கைகளும் மதுரையின் நூலகத்திற்குப் பொருள் தந்தன. அக்கைகளுக்கு உரியவருள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அந்நூலகத்தின் படி ஏறாதவர். தேவர் ஒருவர்மீது இதனைக் குறையாகச் சுமத்துவது வரலாற்று நோக்காகாது. நகரத்தில் அறிவு நிறுவனம், நாட்டுப்புறத்தில் வருவாய் என்னும் பிரிவினை அக்கால அமைப்பின் இயல்பு. எனினும் அவரைப் போற்றும் வரலாற்றில் அக்குடிகளுக்கும் ஓரிடம் அளித்தல் ஆய்வாளர் கடமை.

இதே வட்டாரத்தில், இதே காலத்தில், மற்றொரு வழியும் உருவாகியிருந்தது. அருப்புக்கோட்டை, விருதுநகர் முதலிய ஊர்களில் நாடார் உறவின்முறைகள் மகமை என்னும் பொதுநிதியைத் திரட்டின. வணிகர் தம் சரக்குக்கு ஏற்ப ஒரு சிறு தொகையை உறவின்முறைக்குச் செலுத்துவர். அப்பணத்தால் கோயில்களும் கிணறுகளும் பள்ளிகளும் அமைந்தன. இங்கே பொருள் தந்தவர் மக்களே பயன் பெற்றனர். செலவுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் தந்தவர்க்கு இருந்தது. ஒரு சமூகத்தின் எல்லைக்குள் தொடங்கியது என்பது அதன் வரம்பு. ஜமீன் கொடை, மகமை, அரசின் உதவிநிதி ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் வழங்கிய நிலப்பகுதி இது. இன்றைய பொதுநல்கைக்கு வேண்டிய கூறுகள் இம்மூன்றிலும் சிதறிக் கிடந்தன. மொழிக்குரிய உயர்நோக்கு முதலாவதிலும், தந்தவர்க்கே பயனும் கணக்குரிமையும் இரண்டாவதிலும், யார்க்கும் உரிய பொதுவிதி மூன்றாவதிலும் இருந்தன.

8. தேவருக்குப் பின்

1913ஆம் ஆண்டு தமிழ்ப் பேரகராதிப் பணி மதுரையில் தொடங்கியது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் பொறுப்பேற்றார். செந்தமிழ் ஆசிரியராக இருந்த மு. இராகவையங்கார் தலைமைப் பண்டிதரானார். அலுவலகம் பின்னர்ச் சென்னைக்கு மாறியது. சென்னை அரசின் நிதியால், பல்கலைக்கழகத்தின் வழி நடந்த அப்பணிக்கு முதலில் மதிப்பிட்ட செலவு 1 இலட்சம் ரூபாய். எஸ். வையாபுரிப்பிள்ளையின் பதிப்பாசிரியப் பொறுப்பில் 1936இல் ஆறு தொகுதிகளும் நிறைவுற்றபோது செலவு 4 இலட்சத்தைக் கடந்திருந்தது. 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இடம்பெற்றன. எந்த ஜமீனும் தனித்துத் தாங்கவியலாத சுமை அது. எனினும் அப்பணிக்கு வேண்டிய அறிஞரைப் பயிற்றுவித்து அளித்தது பாலவநத்தத்தின் பொருளால் நடந்த இதழ். பொதுநிதி வந்தபோது அதனைப் பயன்படுத்தத் தகுதியுடையோர் இருந்தனர் எனின், அதற்கு முன்னைய தனியார் உதவியே காரணம்.

1948ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று ஜமீன்களை ஒழித்து நிலங்களை இரயத்துவாரி முறைக்கு மாற்றியது. மற்றொன்று சென்னைப் பொது நூலகச் சட்டம். சொத்துவரியோடு நூலக வரியைச் சேர்த்துப் பெற்று, அப்பணத்தால் பொது நூலகங்களை நடத்த அது வழிசெய்தது. புரவலரின் வருவாய் வழி மூடியதும் பொதுமக்களின் வரிப்பண வழி திறந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. மதுரையில் நூல் கிடைக்காமல் தேவர் வருந்தியதாகக் கூறப்படும் குறைக்கு, சிற்றூர்களையும் தழுவிய விடை ஏறத்தாழ அரைநூற்றாண்டு கழித்துச் சட்ட வடிவில் வந்தது.

தொடர்ந்து சாகித்திய அகாதெமி 1954இலும், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமாகப் பின்னர் அறியப்பட்ட மாநில அமைப்பு 1955இலும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இலும் தோன்றின. நூல் வெளியிட நிதியுதவி, அகவை முதிர்ந்த தமிழறிஞர்க்கு உதவித்தொகை எனத் தமிழ் வளர்ச்சித் துறையின் திட்டங்களும் வந்தன. தேவர் நிறுவிய கலாசாலை செந்தமிழ்க் கல்லூரியாக மதுரையில் இன்றும் இயங்குகிறது.

நிறைவுரை

பாண்டித்துரைத் தேவரின் வாழ்வு கொடையின் வரலாற்றில் ஒரு முடிவும் நல்கையின் வரலாற்றில் ஒரு தொடக்கமும் ஆகும். பொருளை ஆளுக்கு அளிக்காமல் அமைப்புக்கு அளித்தல், தகுதியைத் தேர்வால் அறிதல், பயனைப் பொதுவாக்கல், பிறரையும் பங்குகொள்ளச் செய்தல் என்னும் நான்கும் அவருடைய பங்களிப்பு. அவர் மறைவுக்குப் பின்னும் நூல்கள் வெளிவந்தமை அவ்வமைப்பின் வலிமையைக் காட்டுகிறது. பொருள் தந்த நிலத்துக்கு அப்பயன் திரும்பாமை அதன் வரம்பைக் காட்டுகிறது.

இன்று நல்கை பெறும் ஆய்வாளரும் கலைஞரும் நிறுவனங்களும் எந்தப் புரவலரையும் பாட வேண்டியதில்லை. ஆயின் அப்பணம் இன்றும் எங்கோ ஒரு சிற்றூரில் வரி செலுத்துபவரிடமிருந்தே வருகிறது. ஜமீன் காலத்தில் கேட்க இயலாதிருந்த வினாவை அவர் இன்று கேட்கலாம்: தான் தந்த பொருளின் பயன் தன் ஊருக்கு எவ்வளவு வந்தது என்பதே அது. மதுரைச் சங்கத்தின் வரலாறு எழுதுவோர் பாலவநத்தத்திலிருந்து தொடங்குவார்களாயின், அவ்வினாவும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். பாலவநத்தம் ஜமீனின் ஊர்கள்தோறும் கண்மாய், வாரம், பள்ளி, நூலகம் ஆகியவற்றின் வரலாற்றைத் தொகுத்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வு.